கழிப்பறைக்குப் போனால் நாயை யார் பிடிப்பது?

அமெரிக்க நேஷனல் பார்க் ஒன்றுக்கு நாயைக் கூட்டிக்கொண்டு தனியாகக் கேம்பிங் கிளம்புகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "கரடி வருமா?" என்றுதான். வரலாம். ஆனால் பெரும்பாலான பயணங்கள் கெடுவது பார்க்கிங்கில் இறங்கிய முதல் பத்து நிமிடத்தில். முன்பதிவுப் பக்கத்தில் "செல்லப் பிராணிகளுக்கு அனுமதி உண்டு" என்று போட்டிருக்கும். அந்த அனுமதி கேம்ப்கிரவுண்டுக்கு மட்டும்தான் என்பதை எட்டு மணி நேரம் ஓட்டிப் போனபின், டிரெயில் தொடங்கும் இடத்தில் நாய்ப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகையைப் பார்த்துத்தான் பலர் தெரிந்துகொள்கிறார்கள். கூட ஒருவர் இருந்தால் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தனியாக வந்தவருக்கு அந்த வழி கிடையாது. நாய் எங்கே போகலாமோ அதுதான் அவருக்கு மொத்தப் பூங்கா. அந்த நேரத்தில் வரும் எரிச்சல் முதலில் ரேஞ்சர் மேல் திரும்பும், பிறகு பாவம், நாய் மேலேயே திரும்பும். இரண்டு பேருமே காரணம் இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்த விதம்தான் காரணம்.

எல்லாப் பூங்காவுக்கும் பொதுவான மத்திய விதி எளிமையானது. நாய் எப்போதும் 6 அடிக்கு மேல் போகாத லீஷில் இருக்க வேண்டும். பொதுக் கட்டடங்களுக்குள்ளும், பூங்கா பஸ்ஸிலும், நீச்சலுக்கென்று ஒதுக்கிய கரையிலும் கூடாது. எதிலாவது கட்டிப்போட்டுவிட்டு ஆள் விலகிப் போகக் கூடாது. இழுக்க இழுக்க நீளும் லீஷ் பூட்டாமல் விட்டால் 6 அடியைத் தாண்டிவிடும் என்பதால் அதை வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. இந்த விதிக்கு மேல் ஒவ்வொரு பூங்காவும் தனக்கென்று வைத்திருக்கும் கட்டுப்பாடுகள்தான் வேறுபாடு. யெல்லோஸ்டோனில் சாலை, பார்க்கிங், கேம்ப்கிரவுண்ட் இவற்றிலிருந்து 100 அடிக்கு உள்ளேதான் நாய் இருக்கலாம்; டிரெயிலிலும், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் போட்டிருக்கும் பலகைப் பாதையிலும் கால் வைக்கவே கூடாது. கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸில் கேட்லின்பர்க் டிரெயில், ஓகோனலஃப்டி ரிவர் டிரெயில் என்று இரண்டே பாதைகள். ஸயனில் பாரூஸ் டிரெயில் ஒன்றுதான், ஷட்டில் பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் மேலே நடக்கலாம், பள்ளத்தாக்குக்குள் ஒரு அடி இறங்கக் கூடாது. மறுபக்கம் ஷெனண்டோவாவில் சுமார் 500 மைல் பாதையில் ஏறக்குறைய 20 மைல் தவிர மற்றதெல்லாம் நாய்க்குத் திறந்திருக்கிறது. அகேடியாவில் 100 மைல் நடைபாதையும் 45 மைல் பழைய குதிரைவண்டிச் சாலையும் உண்டு. ஒயிட் ஸாண்ட்ஸ் மணல்மேட்டில் நாயும் கூடவே ஏறலாம். முதல்முறை தனியாகப் போகிறவர் கடைசியில் சொன்ன மூன்றில் ஒன்றுக்குப் போகட்டும் என்பதே என் கருத்து. யெல்லோஸ்டோனை நாய் இல்லாத ஒரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, நேஷனல் பார்க்கை ஒட்டியிருக்கும் நேஷனல் ஃபாரஸ்ட்டில் கூடாரம் போடுவது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது அமெரிக்க வனச் சேவை என்ற வேறொரு துறையின் கையில் இருக்கும் நிலம். பெரும்பாலான பாதைகளில் நாயோடு நடக்கலாம். நாள் முழுக்க அங்கே நடந்துவிட்டு, பூங்காவின் காட்சிமுனைகளை மட்டும் காரில் போய்ப் பார்த்துத் திரும்பலாம். நாயும் களைத்துத் தூங்கும், உங்களுக்கும் மனத்தாங்கல் இருக்காது. "எமோஷனல் சப்போர்ட்" என்று ஒரு கடிதத்தைக் காட்டி உள்ளே போய்விடலாம் என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். குறிப்பிட்ட வேலைக்குப் பயிற்சி பெற்ற உதவி நாய்க்குத்தான் விதிவிலக்கு.

பண விஷயம். ரிக்ரியேஷன்.கவ் தளத்தில் பல கேம்ப்கிரவுண்டுகளுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறந்து, நல்ல இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ரத்து செய்தால் 10 டாலர் போகும். போய்ச் சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாளோ அன்றைக்கோ ரத்து செய்தால் முதல் இரவின் கட்டணமும் சேர்ந்து போகும். சொல்லாமல் போகாமலே இருந்துவிட்டால் 20 டாலரும் முதல் இரவின் கட்டணமும். ஆகவே நாய் விதியைப் பதிவுக்கு முன்னால் படியுங்கள். அதுவும் பதிவுத் தளத்தில் இல்லை, அந்தந்தப் பூங்காவின் சொந்தப் பக்கத்தில் "பெட்ஸ்" என்ற தலைப்பில். ஒரு நாள் மட்டும் நாயை நாய்க் காப்பகத்தில் விட்டுவிட்டு நடக்கலாம் என்று திட்டமிருந்தால் தடுப்பூசிச் சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும். ரேபிஸ், டிஸ்டெம்பர்-பார்வோ கூட்டு ஊசி, இருமலுக்கான போர்டெடெல்லா மூன்றையும் சாதாரணமாகக் கேட்பார்கள். கழுத்தில் தொங்கும் ரேபிஸ் வில்லையைக் காட்டினால் போதாது. காகிதம் இல்லாமல் போய், வீட்டு மருத்துவமனை திறக்கும்வரை காத்திருந்து ஒரு நாளைத் தொலைப்பது சர்வசாதாரணம். படமெடுத்து போனில் வையுங்கள், ஒரு நகலைக் காரில் வையுங்கள். பூங்காவுக்குள் சிக்னல் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே செய்ய வேண்டியவை சில. கூடாரத்தை வீட்டுக்குள்ளேயே விரித்து ஒரு இரவாவது நாயோடு அதில் படுங்கள். ஜிப் இழுக்கும் சத்தமும், துணி படபடப்பதும், வெளியே நிழல் நகர்வதும் அதற்குப் புதுசு. காட்டில் முதல்முறையாக அதைச் சந்தித்தால் இரவு முழுக்கக் குரைக்கும். நகத்தை வெட்டிவிடுங்கள், வலைக் கதவைக் கிழிக்க ஒரு பிறாண்டல் போதும், அந்த ஓட்டை வழியாகக் கொசுவும் வரும், நாயும் போகும். உள்ளங்காலைக் காக்கும் நாய்க் காலுறையைப் போட்டுப் பழக்குவதும் இப்போதே. முதல்நாள் எல்லா நாயும் சேற்றில் மாட்டிய கொக்கு மாதிரிதான் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும், சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். தினம் பத்து நிமிடம் போட்டால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். உண்ணி மருந்தைக் கிளம்பும் காலையில் கொடுக்காமல், அதன் வேலை தொடங்க நேரம் விட்டுக் கொடுங்கள். எலிக் காய்ச்சலுக்கான லெப்டோ ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் வாய் வைக்காத நாய் கிடையாது. உணவை மட்டும் மாற்றாதீர்கள். வழியில் வாங்கிய புதுத் தீனியால் வயிறு கெட்டால் அந்தப் பயணம் முழுக்க நீங்கள் பை பிடித்துக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

போய் இறங்கியதும் வரும் முதல் பிரச்சினை தலைப்பில் இருப்பது. கட்டிப்போட்டுவிட்டு விலகக் கூடாது, கட்டடத்துக்குள் கொண்டுபோகவும் கூடாது. அப்படியானால் கழிப்பறைக்கு எப்படிப் போவது? கேட்க அற்பமாக இருக்கும், இரண்டாம் நாளுக்குள் இதுவே பெரிய தலைவலி. கூடாரத்துக்குள் பூட்டிவிட்டுப் போனால் பயந்த நாய் ஒரு நிமிடத்தில் வலையைப் பிய்த்துக்கொண்டு பின்னாலேயே வரும். காரில் விடுவது குளிர்ந்த நேரத்தில் மட்டுமே சாத்தியம். வெளியே 21 டிகிரி செல்சியஸ் இருக்கும் இதமான வெயிலில்கூட, மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 40 டிகிரி ஆகிவிடும். ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. அதனால் குளியல், விசிட்டர் சென்டர், கடை எல்லாவற்றையும் சூரியன் ஏறுவதற்கு முன்போ இறங்கிய பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நாய் காருக்குள் தன் கூண்டில் சில நிமிடம் இருக்கலாம். பகல் அவசரத்துக்குப் பக்கத்துக் கூடாரக்காரரிடம் வந்த அன்றே பேசி வைப்பதுதான் நடைமுறையில் பலன் தருகிறது. கூச்சப்பட வேண்டாம், நாயோடு வந்த இன்னொரு குடும்பம் எப்படியும் இருக்கும். பதிவு செய்யும்போதே வரைபடத்தைப் பார்த்து, கழிப்பறையிலிருந்து மூன்று நான்கு இடம் தள்ளி, ஆனால் அது கண்ணில் படுகிற மாதிரி ஓர் இடத்தை எடுங்கள். ஒட்டியே எடுத்தால் இரவெல்லாம் தலைவிளக்கோடு வருகிறவர் போகிறவர் ஒவ்வொருவரையும் பார்த்து நாய் குரைக்கும். குழிக் கழிப்பறைக்குள் சின்ன நாயைக் கையில் இடுக்கிக்கொண்டு போகிற ஆட்களும் உண்டு. விதிப்படி தப்பு என்பது ஒருபுறம், அந்தக் குழிக்குள் நாய் விழுந்தால் எடுப்பது யார்?

கூடாரம் அடிக்கிற, அடுப்பு மூட்டுகிற நேரத்தில் இரண்டு கையும் வேலையில் இருக்கும். அப்போது லீஷைக் கூடாரக் கம்பியில் மாட்டாதீர்கள், ஒரு அணிலைக் கண்டால் கூடாரத்தோடு போய்விடும். கனமான மேசையின் கால் சரி. மரத்தில் கட்டுவதைச் சில பூங்காக்கள் அனுமதிப்பதில்லை. அடுப்புக்கு எட்டாத பக்கமாகக் கட்டி, நாயை முதலில் நிறுத்தி, அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள்.

உணவுப் பெட்டி விஷயத்தில் தெரிந்தவர்களும் சறுக்குவார்கள். தங்கள் சாப்பாட்டையெல்லாம் கரடியால் திறக்க முடியாத கரடிப்பெட்டியில் பூட்டிவிட்டு, நாயின் தீனிப் பையைக் காரிலும், நக்கிய கிண்ணத்தைக் கூடார வாசலிலும் வைத்துவிடுவார்கள். கரடிக்கு உலர்தீனி என்பது கொழுப்பும் புரதமும் நிறைந்த உணவு, நல்ல வாசனை வேறு. தீனி, பிஸ்கட், மாத்திரை, கிண்ணம், எலும்பு பொம்மை எல்லாம் பெட்டிக்குள் போக வேண்டும். சாப்பிட்டு மீந்ததை உடனே எடுத்துவிட வேண்டும். யோசெமிட்டி போன்ற இடங்களில் இதை மீறினால் அபராதம் உண்டு. மனிதத் தீனியிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. மலையேறிகள் கொறிக்கும் டிரெயில் மிக்ஸில் உலர்திராட்சை, சாக்லேட், மகடேமியா கொட்டை மூன்றும் இருக்கலாம். மூன்றுமே நாய்க்கு நஞ்சு. சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் இருக்கும் ஸைலிட்டால் அதைவிட மோசம். உங்கள் தலைவலிக்கான ஐபுப்ரோஃபனை நாயின் கால்வலிக்குக் கொடுப்பதும் வேண்டாம், அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

முதல் இரவு கஷ்டமாகத்தான் இருக்கும். பெரும்பாலான கேம்ப்கிரவுண்டில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். நாய் ஒவ்வொரு சலசலப்புக்கும் எழுந்து உறுமும்போது, பக்கத்தில் தூங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கமும், வெளியே நிஜமாகவே ஏதாவது நிற்கிறதோ என்ற பயமும் சேர்ந்து தூக்கத்தைத் தின்றுவிடும். இதற்குச் செய்யக்கூடியது மாலையில்தான். இருட்டுவதற்கு முன் நல்ல நீண்ட நடை, சீக்கிரமே சாப்பாடு, படுப்பதற்கு முன் கடைசியாக ஒரு வெளிச்சுற்று. தரையின் குளிர் போர்வையைவிட வேகமாக உடம்புச் சூட்டை எடுத்துக்கொள்ளும் என்பதால் நாய்க்கும் ஒரு ஃபோம் பாய் வேண்டும். நடுநிசியில் அது வெளியே போக வேண்டும் என்று முனகினால், ஜிப்பைத் திறப்பதற்கு முன் லீஷை மாட்டி, கையில் சுற்றிக்கொண்டு, தலைவிளக்கைச் சுற்றிலும் அடித்துப் பாருங்கள். கண்கள் மின்னினால் திறக்க வேண்டாம், காத்திருங்கள். நாய் தொலைகிற சம்பவங்களில் கணிசமானவை இந்தத் தூக்கக் கலக்க நேரத்தில் நடப்பவை.

நடைக்கு வருவோம். தனியாகப் போகிறவருக்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்றே: நாயைத் தூக்கிக்கொண்டு திரும்பி வர முடியாத தூரத்துக்குப் போகாதீர்கள். பத்துக் கிலோ நாய் என்றால் முதுகுப்பையில் போட்டுக்கூட வந்துவிடலாம். முப்பது கிலோ நாய் பாறையில் உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் ஒரு மைல் என்பதே யுகம். தோளில் மாட்டித் தூக்கும் துணி ஸ்லிங் ஒன்று பைக்குள் சுருண்டு கிடக்கட்டும், வீட்டில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள். காயம் பட்டால் முதலில் வாயைக் கட்டுங்கள். எத்தனை சாதுவான நாயும் வலியில் கடிக்கும். கட்டுத்துணியே போதும், ஆனால் வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சிரைக்கும் நாய்க்கும் கட்டக் கூடாது. சுத்தத் தண்ணீரால் கழுவி, காஸ் வைத்து, தன்னோடு தானே ஒட்டும் கட்டுத்துணியை இறுக்காமல் சுற்றி, மேலே காலுறை. அரை மணிக்கு ஒருமுறை விரல்கள் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வீங்கினால் கட்டு இறுக்கம்.

தண்ணீர்க் கணக்கு: சும்மா இருக்கும் நாளிலேயே கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி. இருபது கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்கு மேல். வெயிலில் நடந்தால் இரண்டு மடங்காவது எடுத்துச் செல்லுங்கள், அது உங்கள் தண்ணீருக்குப் புறம்பாக. மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடுங்கள், பாதி தீரும்வரை பொறுக்க வேண்டாம். குளத்தில் பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ பாசி படர்ந்திருந்தால் பக்கத்திலேயே விடாதீர்கள். அதில் இருக்கக்கூடிய நஞ்சு சில மணி நேரத்தில் கல்லீரலையோ நரம்பையோ தாக்கும், கால் நனைத்து அதை நக்கினாலும் போதும். வெப்பத்தாக்கம் வந்தால் நாக்கு அடர்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடும். நிழலுக்குக் கொண்டுபோய்க் கையில் இருக்கும் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டால் மூடி வைத்தால் சூடு உள்ளேயே அடைபடும். குளிர்விப்பதைத் தொடங்கிவிட்டுத்தான் வண்டியை நோக்கி ஓட வேண்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களைக் கோடையில் இந்த மாதிரிப் பயணத்துக்கே அழைத்து வர வேண்டாம்.

வெந்நீர் ஊற்றுகளைப் பற்றி ஒன்று. 1981-இல் யெல்லோஸ்டோனில் நண்பரின் நாய் செலஸ்டீன் பூல் என்ற ஊற்றில் குதித்துவிட, அதைக் காப்பாற்றத் தலைகுப்புற உள்ளே பாய்ந்த இளைஞர் வெந்து இறந்துபோனார். தண்ணீர் கொதிநிலையை நெருங்கி இருந்தது, நாயும் பிழைக்கவில்லை. தெளிந்த நீலத் தண்ணீரைப் பார்த்தால் நாய்க்குத் தாகம்தான் தோன்றும். லீஷ் விதியைக் கெடுபிடி என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒன்று போதும். மிருகங்கள் விஷயத்திலும் இதே கதைதான். கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் மலைச்சிங்கத்திடமிருந்தும் 100 கஜம், மற்றவற்றிடமிருந்து 25 கஜம் என்பது யெல்லோஸ்டோன் அளவு. அவிழ்த்துவிட்ட நாய் கரடியைத் துரத்திவிட்டு, கரடி திருப்பித் துரத்தும்போது நேராக உங்களிடம்தான் ஓடிவரும். மூஸ் மானுக்கு நாயும் ஓநாயும் ஒன்று. கன்றோடு இருக்கும் தாய் மூஸ் யோசிக்காமல் மிதிக்க வரும். புல்வெளி நாய் எனப்படும் பிரெய்ரி டாக் வளைகளில் மூக்கை விடவும் அனுமதிக்காதீர்கள், அங்குள்ள தெள்ளுப்பூச்சி பிளேக்கைச் சுமக்கக்கூடும்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போவது ஒன்றே சிகிச்சை. முள்ளம்பன்றி முள் தைத்தால் அதைப் பாதியில் வெட்டாதீர்கள், நுனியில் செதில் இருப்பதால் உள்ளேதான் நகரும். மயக்க மருந்து கொடுத்து எடுக்க நூற்றுக்கணக்கான டாலர் ஆகும், முகம் முழுக்க என்றால் இன்னும் மேலே. சோய்யா என்ற கள்ளிச் செடியின் முள் உருண்டை ஒட்டினால் எடுக்க ஒரு சீப்பு வைத்துக்கொள்ளுங்கள், கையால் பிடுங்கினால் உங்கள் கையில் ஒட்டும். ஸ்கங்க் என்ற விலங்கு தன் நாற்றத் திரவத்தைப் பீய்ச்சிவிட்டால் தக்காளிச் சாறு பயன்படாது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு தேக்கரண்டி, மூன்றையும் அப்போதே கலந்து, கண்ணில் படாமல் தேய்த்து ஐந்து நிமிடம் கழித்து அலசுங்கள். மீந்ததைப் பாட்டிலில் மூடி வைத்தால் வெடிக்கும், கொட்டிவிடுங்கள்.

இவ்வளவும் நாய்க்கு. கால் பிசகியது உங்களுக்கு என்றால்? கிளம்பும் முன் ஊரில் இருக்கும் ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் பூங்காவைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கார்மின் இன்ரீச் மாதிரி செயற்கைக்கோள் கருவியோ, அவசர உதவியை செயற்கைக்கோள் வழி அனுப்பும் ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்திய போனோ கையில் இருக்கட்டும். மீட்புக் குழு வந்தாலும் உங்களைத் தூக்கிப் போகும் வண்டியில் நாய்க்கு இடம் இருக்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே நாயின் பட்டையில் உங்கள் எண்ணோடு ஊரில் இருக்கும் அந்த இன்னொருவரின் எண்ணும் பொறித்திருக்க வேண்டும். சிக்னல் இல்லாத உங்கள் போனுக்கு யார் அழைத்து என்ன பயன்? மைக்ரோசிப் பதிவில் முகவரி பழையதாக இருந்தால் மாற்றுங்கள். காரின் முன் கண்ணாடிக்குள் ஒரு தாள்: நாயின் பெயர், மருந்து, கடிக்குமா கடிக்காதா, யாரிடம் ஒப்படைக்க வேண்டும்.

திரும்பி வந்த அன்று இரவு, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், உண்ணி பார்க்காமல் படுக்காதீர்கள். காதுக்குள், பட்டையின் அடியில், அக்குள், விரலிடுக்கு, வாலின் அடி. நுண்ணிய முனையுள்ள இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், திருகவோ தீக்குச்சியால் சுடவோ வேண்டாம். லைம் நோய்க் கிருமி பரவப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் உண்ணி ஒட்டியிருக்க வேண்டும் என்பதால் அன்றே எடுத்துவிட்டால் பெரும் பகுதி ஆபத்து போச்சு. தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ, விடாமல் தும்மினாலோ, ஒரே விரலிடுக்கை நக்கிக்கொண்டே இருந்தாலோ ஃபாக்ஸ்டெயில் புல்லின் விதை புகுந்திருக்கலாம். அது தானாக வெளியே வராது, மேலும் மேலும் உள்ளேதான் போகும், மறுநாளே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அடுத்த சில வாரத்திலோ, ஏன் சில மாதத்திலோகூட காய்ச்சல், நொண்டல், சோர்வு எது தெரிந்தாலும் எந்தப் பூங்காவுக்கு எந்தத் தேதியில் போய் வந்தீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.